பிரதிஷ்டை செய்யாத பாதி

20 ஜனவரி 2008, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் மறுபடியும் சண்டை. எங்கள் சத்துவாச்சாரி முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

என் அண்ணன் ஷாஜின் என் கல்யாணத்துக்காக துபாயிலிருந்து ஐமேக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். பெட்டி மேலேயே “ஜெனிஃபாவுக்கு” என்று எழுதியிருந்தான். அது எப்படி இந்த வீட்டுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரருடையது ஆகிறது? புது வண்டிக்குச் செய்கிற மாதிரி போதகரை அழைத்து, கம்ப்யூட்டருக்கும் பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார். நானும் சேர்ந்து ஆமென் சொன்னேன். புத்தி கெட்டவள்.

டாங்கி விளையாட்டு ஆட விண்டோஸ் வேண்டும், போட்டுக்கொள்ளட்டுமா என்று இன்று அவரிடம் கேட்டேன்.

“ஜெபம் பண்ண பொட்டில துப்பாக்கி சத்தமா? இன்னா பொம்பள நீ?”

நாள் முழுவதும் ஆம்பூர் கம்பெனியில் ஷூவில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் இவர் என்னில் கீறல் தேடுகிறார்.

26 ஜனவரி, சனி

குடியரசு தின லீவு. அவர் வாலிபர் கூட்டம் என்று கணியம்பாடிக்குப் போய்விட்டார். நான் விண்டோஸ் போட்டுவிட்டேன்!

நேற்று வேலை விட்டதும் அஹமது பாஷா கடையில் சிடி வாங்கி வைத்திருந்தேன். “மேக்ல விண்டோஸா? பேஜார் புடிச்ச வேலம்மா” என்று சிரித்தார். பேஜாரெல்லாம் இல்லை. டிஸ்கில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தால் போதும். ஆன் செய்யும்போது ‘ஆப்ஷன்’ பொத்தானை அழுத்திப் பிடித்தால் எது வேண்டும் என்று கேட்கும். அந்த ஒரு தடவைக்குத்தான் விண்டோஸ். அடுத்த முறை சும்மா ஆன் செய்தால் பழையபடி மேக்.

ஜெபம் பண்ணியது மேக்குக்கு. இந்தப் பகுதி இன்றைக்குப் பிரித்தது. இதன் மேல் யாரும் கை வைத்து ஜெபிக்கவில்லை. இது என்னுடையது.

9 பிப்ரவரி, சனி

அவர் பாடகர் குழு ஒத்திகைக்குப் போனார். இரண்டு மணி நேரம். ஏழு டாங்கிகளைச் சுட்டேன். ஒவ்வொன்றிலும் அவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

17 பிப்ரவரி, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டார். மேக் திரையின் ஓரத்தில் விண்டோஸ் டிஸ்கும் ஒரு படமாகத் தெரியும் என்பதைக் கவனிக்காமல் விட்டேன். கீறல் பார்க்கிறவளாம் நான்.

“மார்ச் ஒண்ணாந்தேதி வீட்டு ஜெபக்கூட்டம் நம்ம வீட்ல. அதுக்குள்ள அத்த அழி. இல்லன்னா போதகர் முன்னாடி, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்க வெப்பேன்.”

மன்னிப்பா? என் பொருளை நான் தொட்டதற்கா? அழிக்க மாட்டேன். முடியாது. போடா.

‘போடா’ என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

18 பிப்ரவரி, திங்கள்

ஆம்பூர், அம்மா வீடு. இங்கிருந்தே வேலைக்குப் போகிறேன்.

24 பிப்ரவரி, ஞாயிறு

“ஒரு வெளாட்டுக்காகவா புருஷன வுட்டுட்டு வந்து ஒக்காந்திருக்க?” என்று அம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறாள். விளையாட்டுக்காக இல்லை அம்மா. எனக்கென்று வந்த ஒரே பொருள் அது. சொன்னால் புரிகிறதா? ஜெபக்கூட்டத்துக்குப் போகாவிட்டால் ஊர் என்ன பேசும் என்கிறாள். போகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

1 மார்ச், சனி

எல்லோரும் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தேன். பாய் விரிப்பது, டீ போடுவது என்று சரியாக இருந்தது. கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ஆறு மணிக்குப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். பாட்டு வரிகளைத் திரையில் காட்ட என் வீட்டுக்காரன் மெஷினை ஆன் செய்தான். விண்டோஸ் திறந்தது. நடுவில் டாங்கி படம்.

இவன் முகம் வெளுத்தது. உடனே என் பக்கம் கையை நீட்டினான்.

“பாத்தீங்களா ஐயா? வந்து நாலு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா. இவளுக்காகத்தான் ஜெபிக்கணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் இவாஞ்சலின் அக்கா பாவப்பட்டுப் பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் பொத்தானை அழுத்தி விண்டோஸுக்குப் போனால் அடுத்த முறை தானாக விண்டோஸ் திறக்காது. மேக் செட்டிங்கில் போய் மாற்றிவைத்தால்தான் இப்படித் திறக்கும். பொத்தான் விஷயம் தெரியாதவன் செய்கிற வேலை. ஒவ்வொரு முறையும் ஆடி முடித்ததும் திரும்ப மாற்றியிருப்பான். நேற்று நடுவில் கரண்ட் போயிருக்கும். கரண்ட் போனால் எல்லாம் தானாக மேக்குக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தாயா, மக்கு?

“ஒரு நிமிஷம் ஐயா” என்று மௌஸை வாங்கினேன். விளையாட்டைத் திறந்து, சேமித்த ஆட்டங்களின் பட்டியலுக்குப் போனேன். நான் கடைசியாக ஆடியது பிப்ரவரி 16, நான்காம் கட்டம். அதற்கு மேலே 19, 20, 22, 23, 25, 27. நேற்று, 29. ஒன்பதாம் கட்டம்!

ஒவ்வொரு தேதியாகச் சத்தமாகப் படித்தேன்.

“அப்பல்லாம் நான் ஆம்பூர்ல இருந்தேன் ஐயா.”

“அப்ப யாரு நத்தானியேல் ஆடுனது?” என்று இவாஞ்சலின் அக்கா கேட்டார்.

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மெஷின ஆஃப் பண்ணிடுங்க தம்பி. பாட்டு புத்தகத்துலயே இருக்குது.”

பாடும்போது இவனுக்குக் குரலே எழும்பவில்லை. நான் நன்றாகப் பாடினேன்.

2 மார்ச், ஞாயிறு

பேச்சுவார்த்தை இல்லை. விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் சமையலறை வாசலில் வந்து நின்றார். இத்தனை நாள் கழித்து மன்னிப்பு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஜெனி... பாஸ்வேர்டு இன்னா?”

கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தேன்.

“ஒரு மணி நேரம்தான். நீ சரின்னா.”

முதலில் மன்னிப்பு என்றேன். சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

பாஸ்வேர்டை நான் சொல்லவில்லை. நானே அடித்துக் கொடுத்தேன். அதுவரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். நின்றார்.