மேல்மாடித் தங்கை

மார்ச் 4, செவ்வாய்

வங்கியிலிருந்து கடிதம். மேல்மாடி கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி "மாற்றி அமைக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏற்றிவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கே கூச்சம் போலிருக்கிறது. இனி மாடி வாடகை அப்படியே தவணைக்குப் போய்விடும். அது போதாமல் கண்ணாடிக் கடைச் சம்பளத்திலும் கை வைக்க வேண்டும். தெருவில் எனக்குப் பெயர் 'ஹவுஸ் ஓனர்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வருவதற்குள் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்க வேண்டியதாயிற்று. 'வீடு வாடகைக்கு' பலகை அங்கேதான் கிடந்தது, கீழே என் போன் நம்பருடன். தூக்கிப் போடச் சொன்னாள் இவள், என் மனைவி. "பெயிண்ட் கூட உதிரல, இருந்துட்டுப் போகட்டும்" என்று சுவரோரம் சாய்த்து வைத்தேன். எதையும் எறிய எனக்கு மனசு வராது. கல்யாணத்துக்கு வந்த அட்டைப்பெட்டிகள்கூட இன்னும் பரணில் இருக்கின்றன.

மார்ச் 15, சனி

இன்று செய்ததை எழுதாமல் படுக்க முடியாது.

சொத்து வரிக்கு வீடு அளக்க ஆள் வருகிறார் என்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வீடு முழுக்க நாங்களே குடியிருக்கிறோம் என்றல்லவா போன வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! வாடகைக்கு விட்ட மாடிக்கு வரி இரண்டு மடங்கு. தவணை ஒரு பக்கம், அது ஒரு பக்கம் என்றால் நான் எங்கே போவேன்?

மாடிக்கு ஓடினேன். நர்ஸ் அப்போதுதான் இரவு டியூட்டி முடிந்து வந்து தலை பின்னாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள், அவளும் அவள் பெண்ணும் மட்டும். ஒரு நாள்கூட வாடகை தள்ளிப்போனதில்லை.

"பத்து நிமிஷம்தாம்மா. என் தங்கச்சின்னு சொல்லிடு. சும்மா தங்கியிருக்கேன், வாடகையெல்லாம் இல்லேன்னு."

"பொய் சொல்லணுமா சார்?"

"ரெண்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். பொய்னு ஏன் நினைக்கற?"

எவ்வளவு நைஸாகப் பேசியிருக்கிறேன்! அவள் சிரித்துவிட்டு, "சரிங்கண்ணா" என்றாள். காலையில் 'மேடமாக' இருந்த இவள் அடுத்த நிமிஷமே 'அண்ணி' ஆகிவிட்டாள்.

வந்தவர் வெற்றிலை போடும் வயசான மனுஷர். வாய் திறந்து அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு அறையாக நாடா பிடித்தார். மாடியில் நர்ஸின் பெண்ணைப் பார்த்து, "இவர் உனக்கு என்ன வேணும் பாப்பா?" என்று கேட்டார்.

"மாமா" என்றது. பத்து வயசுப் பிள்ளை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீழே இறங்கியவர் படிக்கட்டுக்கு அடியிலும் குனிந்து அளந்தார். முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். தப்பித்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

அந்தப் பெண் இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறது. யாராவது அதற்குச் சொல்ல வேண்டும், வேலை முடிந்துவிட்டது என்று. நான் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நர்ஸ் கீழே வந்தாள். பின் தெருப் பள்ளிக்கூடத்தில் பெண்ணை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம். நல்ல பள்ளிக்கூடம்தான், மணி அடித்தால் எங்கள் மாடிக்குக் கேட்கும். பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்தோடு. முப்பதாம் தேதி கடைசி.

எங்களுக்குள் ஒப்பந்தம் ஏது? அட்வான்ஸ் வாங்கியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததோடு சரி. நானும் "அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு" என்றேன்.

போகும்போது அவளே சொன்னாள்: "அவங்க அந்தப் பேப்பரை வரி ஆபீசுக்கு அனுப்பிச் சரி பார்ப்பாங்களாம் சார்."

அப்போதுதான் உறைத்தது. அங்கே அவள் என் தங்கை அல்லவா?

ஏப்ரல் 24, வியாழன்

நர்ஸ் ஒப்பந்தம் கேட்டு வந்தாள். கடையில் வேலை அதிகம் என்று சொன்னேன். சரியென்று போய்விட்டாள். வேலை ஒன்றும் இல்லை. மத்தியானம் முழுக்க ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பேசாம எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்கிறாள் இவள். "அபராதம் போட்டா நீயா கட்டுவ?" என்று எரிந்து விழுந்தேன். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துப் போடுவார்களாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடமா கிடைக்காது?

கிடைக்கும். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும். நான் மட்டும் எதையும் இழக்கக் கூடாது. அவ்வளவுதானே?

ஏப்ரல் 28, திங்கள்

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அவள் தட்டுவது எனக்குத் தெரியும், மெதுவாக இரண்டு தட்டு. எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்தாறு வயசு ஆம்பளை. என் வீட்டில். மாவு டப்பா பக்கத்தில்.

இவள் போய்த் திறந்து, "அவர் இன்னும் வரலம்மா" என்றாள்.

அப்புறம் அந்தப் பெண்ணின் குரல்: "மாமா செருப்பு இங்கதானே அத்தை இருக்கு?"

"சும்மா இரு. வேற செருப்பு போட்டுட்டுப் போயிருப்பாங்க" என்றாள் அதன் அம்மா. எனக்காக இரண்டாவது பொய். இதைச் சொல்லும்படி நான் கேட்கக்கூட இல்லை.

எனக்கு இருப்பது ஒரே ஜோடிச் செருப்பு. அது அவர்களுக்கும் தெரியும்.

இவள் உள்ளே வந்து என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "இனிமே உங்களுக்காக நான் பேச மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

யாரும் தட்டவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலை ஆறரை. பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், அந்தப் பெண் புதுச் சீருடையில் இறங்கி வருகிறது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளிக்கூடம். பை அதன் முழங்கால் வரை தொங்குகிறது. "போயிட்டு வரேன் மாமா" என்றது. வாயில் நுரை இருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது நல்லதாயிற்று.

ஒன்பது மணிக்குப் பின் தெருவில் மணி அடித்தது.

ஜூலை 1, செவ்வாய்

வரி நோட்டீஸ் வந்துவிட்டது. மாடிக்கு வாடகைக் கணக்கில் வரி, இரண்டு வருஷப் பாக்கி, அபராதம். எதிலிருந்து தப்பிக்க அத்தனை கூத்தும் நடத்தினேனோ, அத்தனையும் ஒரே தாளில்.

கண் மண் தெரியவில்லை. படி ஏறிப் போய்க் கத்தினேன். "நீதானே சொன்ன? ஸ்கூல் கிடைக்கலேன்னு பழி வாங்கிட்ட இல்ல?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சார் சொன்னேன். அதுக்கப்புறம் அந்த ஆபீஸ் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

"வேற யாரு சொல்லியிருப்பா?"

"பாப்பா தூங்குது சார். மெதுவாப் பேசுங்க."

அண்ணா இல்லை. சார். எப்போதிலிருந்து மறுபடி சார் ஆனேன்? ஏப்ரலிலேயே மாறியிருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வரி ஆபீசுக்குப் போனேன், சண்டை போடத்தான். கவுண்டரில் இருந்த பெண் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திருப்பி வைத்தாள். அளக்க வந்தவரின் கையெழுத்து, மணி மணியாக:

'மேல்தளம் வாடகைக்கு விடப்பட்டுள்ளது. உரிமையாளர் தங்கை என்கிறார். படிக்கட்டின் கீழ் வாடகைப் பலகை உள்ளது. அதில் உரிமையாளரின் தொலைபேசி எண்.'

தேதி மார்ச் 15.

"அன்னிக்கேவா எழுதினாரு?"

"அன்னிக்கேதான் சார். நோட்டீஸ் அனுப்பத்தான் எங்களுக்கு நாளாச்சு."

அன்றைக்கே. நான் 'தப்பித்தோம்' என்று இதே நோட்டில் எழுதிய அன்றைக்கே. ஏப்ரலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு காசு கூடியிருக்காது. மாவு டப்பா பக்கத்தில் நின்றது எதற்காக? ஏற்கனவே செத்துப்போன பொய்யைக் காப்பாற்றவா? அதற்கு அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடமா?

பாக்கியை ஆறு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். ஒரு மனு, ஒரு கையெழுத்து. இவ்வளவு சுலபமா? கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்கு அன்று தோன்றவில்லையே.

வரும் வழியில் டைப் அடிக்கிறவரிடம் வாடகை ஒப்பந்தம் ஒன்று அடித்து வாங்கி, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "உன் மேல தப்பில்லம்மா. பலகையைப் பார்த்துட்டுத்தான் அன்னிக்கே எழுதிட்டாரு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மன்னிச்சுடு என்று ஒரு வார்த்தை. படி ஏறும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்தும் வாசலில் வரவில்லை.

அவள் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"பாப்பா ஸ்கூல் பக்கத்துல வீடு பார்த்துட்டேன் சார். அடுத்த மாசம் காலி பண்றோம். சொல்லணும்னு இருந்தேன்."

"இப்ப வேணும்னா வாடகையைக் குறைச்சு…"

"வாடகைக்காக இல்ல சார்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாமான் ஒரு வண்டிக்குள் அடங்கிவிட்டது. அட்வான்ஸ் முழுவதையும் கொடுத்தேன், வெள்ளையடிக்கவென்று எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் எண்ணாமல் பைக்குள் வைத்தாள். இவள் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது ஏதோ விழுந்துவிடப் போவது மாதிரி.

வண்டியில் ஏறிய பெண் கையை ஆட்டி, "வரேன் மா…" என்று தொடங்கியது. அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தது.

"வரேன் சார்" என்றது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பலகையைக் கேட்டில் மாட்டினேன். ஒருவர் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். அவர் கேட்பதற்குள் நானே, "முதல்ல அக்ரிமெண்ட் போட்டுடலாம், மாசா மாசம் ரசீதும் உண்டு" என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார்.

குழாயைத் திறந்து பார்த்தார்கள், ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். சுவரில் பென்சிலால் அந்தப் பெண்ணின் உயரம் குறித்த கோடுகள் இருந்தன.

"முன்னாடி யாருங்க இருந்தது? உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

என் தங்கச்சி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லைங்க. வாடகைக்கு இருந்தாங்க" என்றேன்.