ஞாயிறு விடுமுறைத் தீர்மானம்

ஞாயிறு இரவு. ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. ஊரெல்லாம் காவடிக் கூட்டம்.

எங்கள் மருத்துவர் சங்கக் கிளையின் தீர்மானம் இன்று மாலைக்குள் தலைமைக்குப் போயாக வேண்டும். தவறினால் பிரதிநிதிகள் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஞாயிறு என்றும் பாராமல் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்தேன். தீர்மானம் இதுதான்: அவசரம் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. முன்மொழிந்தது நான். வழிமொழிய வந்தவர் டாக்டர் சரோஜா. அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார், வாசலில் ஒரே கூச்சல்.

திருவாலங்காட்டு விவசாயி ஒருவர். முருகன் கோயில் மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர், வேனில் ஏறும்போது கதவில் மண்டையை இடித்துக்கொண்டார். சந்தனமும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. சரோஜா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் சந்தனத்தைக் கழுவித் தையல் போட்டேன்.

"நாயித்துக்கெழமகூட தொறந்துகினு கீறீங்களே டாக்டரு! முருகன்தான் வழி காட்னாரு," என்றார் அவர்.

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. சரோஜா என் காதில், "இது அவசரம்பா. தீர்மானத்துல எடம் கீது," என்றார். விவசாயி போனதும் சரோஜா கையெழுத்துப் போட்டார். உடனே அனுப்பிவிட்டேன். இரண்டு பேரும் வெற்றிக் களிப்பில் காபி குடித்தோம்.

படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. தையல் பிரிக்க எப்போது வரட்டும் என்று அந்த மனிதர் கேட்டார். "அடுத்த ஞாயிறு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சரோஜாவும் பக்கத்தில் நின்று, "ஆங், காலையிலயே வந்துடுங்க" என்றார்.