நெஞ்சு வலிக்கவே இல்லை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் நம்பிக்கொண்டு மீதியைப் படி. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் சலவைக் கடையில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தாடையில் ஒரு வலி. கடைவாய்ப் பல் என்று நினைத்தேன். பிறகு குமட்டல், வேர்வை. நீராவியில் நிற்கிறவளுக்கு வேர்வை என்ன புதுசா? மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு அடுப்பாகத்தானே இருக்கிறது.

கூட வேலை பார்க்கிற நெட்டை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டர் வயசைக் கேட்டார். இந்த வயசில் இப்படித்தான் இருக்கும், ஓய்வெடுங்கள் என்றார். நான் எழுந்துவிட்டேன். நெட்டை எழவில்லை. இதே மாதிரி என் வீட்டுக்காரர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தால் இப்படி அனுப்புவீங்களா, இ.சி.ஜி. எடுங்க, அப்புறம் போறோம் என்று அடமாக உட்கார்ந்தாள்.

எடுத்தார்கள். அதற்கப்புறம் என்னை நடக்கவே விடவில்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

நெஞ்சு வலிக்கவே இல்லையே என்று இதய டாக்டரம்மாவிடம் கேட்டேன். பெண்களுக்குச் சில சமயம் இப்படியும் வருமாம். மாதவிலக்கு இருக்கும்வரை உடம்பில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் குழாய்களுக்கு ஓரளவு காவலாம். அது குறைந்த பிறகு ஆம்பளைகளுக்கு இருக்கிற ஆபத்து நமக்கும் வந்து சேர்ந்துகொள்ளுமாம். சின்ன வயசிலேயே சினைப்பையை எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும் என்றார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டி வந்து கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தபோது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரி பேச்சைக் கேட்டுக் குப்பையில் போட்டாய். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முதுகில் ஏதோ பிடிக்கிறது என்கிறாய். குண்டாகிவிட்டேன் என்று சிரிக்கிறாய்.

எழுதும்போதே எழுந்து ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். உன் மாமா அதட்டுகிறார். சமையல் இப்போது அவர் கையில். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவர் நிறுத்தியே விட்டார். வாய் செத்துக் கிடக்கிறது.

மாத்திரையை நீயாக மறுபடி தொடங்காதே. இதைப் படித்த கையோடு உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. ஆபரேஷன் விஷயத்தை முதலிலேயே சொல். களைப்புதான் என்று அனுப்பப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழாதே.

என்னைப் பயணம் போகக் கூடாது என்கிறார்கள். இல்லாவிட்டால் இந்நேரம் உன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். பார்த்துவிட்டு வந்து போன் பண்ணு. திட்டுவதற்காவது பண்ணு.

நீ எனக்குப் பின்னால் பிறந்தவள். எப்போதும் பின்னாலேயே வா, முந்திப் போய்விடாதே, கண்ணு.

உன்
அக்கா