திங்கட்கிழமை வெள்ளைச் சுடிதார்

அனுப்புநர்:
ச. ராஜமேரி,
க/பெ சவுரியப்பன்,
மாதா கோயில் தெரு, ஏரியூர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: பென்னாகரம் மலர்ச்சி பகல்நேரப் பயிற்சி மையத்துக்கு ஆசிரியர் நியமித்து, வகுப்பை மீண்டும் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆண்டவர் கிருபையால் நாங்கள் நலம். என் மகள் மோனிஷாவுக்கு வயது பத்தொன்பது. எதுவும் மெதுவாகத்தான் மண்டையில் ஏறும். விடாமல் சொன்னால் நிற்கும், விட்டால் நழுவும்.

1. மேற்படி மையத்தில் ஜெயபிரியா டீச்சர் அவளுக்கு மிதியடி நெய்யவும், பெயர் எழுதவும், தனியாகப் பஸ் ஏறவும் கற்றுத் தந்தார். பஸ் பலகை படிக்க வராது என்பதால், "அண்ணா, பென்னாகரம் போவுங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறப் பழக்கினார். இப்போது பால் வண்டியையும் செங்கல் லாரியையும்கூட நிறுத்திக் கேட்கிறாள். ஏறுவது மட்டும் பஸ்ஸில்தான்.

2. ஈஸ்டர் முடிந்ததும் டீச்சர் பதவி உயர்வில் சேலம் போய்விட்டார். நல்லா இருக்கட்டும், அவர்மேல் குறையில்லை. அவர் இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. மையம் பூட்டியே கிடக்கிறது. தங்கள் அலுவலகத்தில் கேட்டால், "ஆள் போட்டதும் சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள்.

3. இதை மோனிஷாவுக்குப் புரியவைக்க என்னால் ஆகவில்லை. அவளுக்கு நீலச் சுடிதார் என்றால் வகுப்பு, வெள்ளைச் சுடிதார் என்றால் பூசை. தினமும் நீலத்தைப் போட்டுக்கொண்டு போய்ப் பூட்டிய வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். காவலாளி மாது அண்ணன், "இன்னிக்கும் லீவுதாம்மா, வூட்டுக்குப் போ" என்றாராம். "அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாளாம். அதற்கான பதில் தங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

4. அலையவேண்டாம் என்று ஒரு திங்கட்கிழமை நீலத்தை ஒளித்துவைத்து வெள்ளையைக் கொடுத்தேன். வீட்டில் இருப்பாள் என்று நான் போட்டது தப்புக் கணக்கு. நேரே கோயிலுக்குப் போய், முக்காடு போட்டு, முதல் பெஞ்சில் முழந்தாளிட்டுவிட்டாள். காலைப் பூசை அப்போதே முடிந்திருந்தது. "பூசை வெச்சாத்தான் எந்திரிப்பேன்" என்று பிடிவாதம். பைக்கில் கிளம்பிய பங்குச் சாமியார் இறங்கிவந்து அவள் ஒருத்திக்காகப் பூசை வைத்தார். பிறகு என்னிடம், "ராஜமேரி, அவங்க வகுப்பைத் திறக்கிற வரைக்கும் எனக்கு டபுள் டூட்டியா?" என்றார். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

5. ஆனால் போன வாரம் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மரச்சட்டம் அடித்துக் கொடுத்து மிதியடி போடச் சொன்னேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்தவள், முதல் முடிச்சிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர் வரட்டும்மா" என்றாள். கூடப் படித்த சின்னராஜ் இப்போது வாசலைத் தாண்டுவதே இல்லை என்று அவன் அம்மா சொல்கிறார். இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

6. ஆகவே, நிரந்தர ஆசிரியரை விரைவில் நியமிக்க வேண்டுகிறேன். அதுவரை வேறு மையத்து ஆசிரியர் ஒருவரை வாரத்தில் இரண்டு நாளாவது அனுப்பி உதவுங்கள். சாவி மாது அண்ணனிடம் இருக்கிறது. பெருக்கித் துடைத்து வைக்கத் தாய்மார்கள் நாங்கள் தயார்.

மோனிஷாவும் இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கிறாள். பெயரில் 'ஷா' மட்டும் கஷ்டமான எழுத்து என்று டீச்சர் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார், அதற்குள் மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வருபவர் அங்கிருந்து ஆரம்பித்தால் போதும்.

இடம்: ஏரியூர்
நாள்: 04.08.2025

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
ச. ராஜமேரி
மோனி