கூஜாத் தண்ணீரும் காய்ச்சலும்

ஆவடி,
22-12-1971

அன்புள்ள அம்மாவுக்கு எஸ்தரின் ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள்.

பாகிஸ்தான் சண்டையில் கால் அடிபட்டு எங்கள் வார்டுக்கு வந்த சிப்பாய் முனியனுக்குத் திடீரென்று காய்ச்சல் இறங்கியது. எனக்கு நம்பிக்கையில்லை. நெற்றி இன்னும் அடுப்பாய்ச் சுட்டது. நேற்று ஒளிந்து நின்று பார்த்தேன். தெர்மாமீட்டர் வைக்குமுன் கூஜாவின் குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கிக்கொள்கிறான்!

"ஊடு இங்க பாரிவாக்கத்துலதான் கீது சிஸ்டர். புள்ள பொறந்துகீது, பாக்கணும். ஜொரம்னு எழுதுனா உடமாட்டாங்கோ" என்று அழுதான். நான் உள்ளபடியே எழுதிவிட்டேன். இன்றைக்கு என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

அதிலிருந்து உங்கள் 'சுகம்' மீதும் எனக்குச் சந்தேகம். இருமல் நின்றதா? பதிலை நீங்கள் எழுத வேண்டாம், தங்கச்சி லில்லி எழுதட்டும். மணி அடிக்கிறார்கள், போகிறேன்.

நான் சுகம் என்று எழுதியதை மட்டும் நம்பிவிடுங்கள்.

உங்கள் மகள்,
எஸ்தர்