ஆறு குட்டிகளின் எடை

ஆடி 5, திங்கள்

காலையிலேயே புழுதிக்காத்து. மலை பாதிதான் தெரிஞ்சுது.

ஏழு மணிக்கு எடை. காட்டு முயல் குட்டிங்க ஆறையும் ஒவ்வொண்ணா துணிப்பையில போட்டு, தராசுல மாட்டி. அஞ்சு ஏறியிருக்கு. 6-ஆம் நம்பர் மட்டும் நேத்து 412 கிராம், இன்னைக்கு 405. தடவினா முதுகெலும்பு விரல்ல தட்டுப்படுது. தொடையில சதை கம்மி.

ரேவதி மேடம்தான் இந்தக் காட்டு முயல் வளர்ப்புக் கூடத்துக்கு டாக்டர். பால் மறக்கற சமயம், ஒரு நாள் இறங்கும்னாங்க. ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் மலைச்சரிவுல விடணும். அவங்களுக்கு மூணு வருஷ வேலை.

வாங்கணும்: பினாயில், கொத்தமல்லி, யாழினிக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

ஆடி 6, செவ்வாய்

6: 391. 3-உம் இறங்கிடுச்சு. 6 ரெண்டு தடவை தும்முச்சு. மூக்கடியில ஈரம்.

இங்க மட்டும் எழுதலாம். வீட்ல ஒரு வெள்ளை முயல் இருக்குது. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வீட்டுக்காரர் யாழினிக்கு வாங்கிட்டு வந்தது. ஒன்பது வயசுப் பொண்ணு, பஞ்சுன்னு பேர் வெச்சிருக்கா. முயல் வளர்க்கறவங்க கூடத்துக்குள்ள வரக்கூடாது, வீட்டு முயலோட நோய் காட்டு முயலுக்கு ஒட்டிக்கும்னு, சேரும்போதே கையெழுத்து வாங்கினாங்க. ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு.

பஞ்சு நாலு நாளா தும்முது.

செருப்பு மாத்தறேன். கை கழுவறேன். புடவை? யாழினி பஞ்சைத் தூக்கிட்டு வந்து என் மடியிலதான் போடுவா.

ஆடி 7, புதன்

6 செத்துடுச்சு. புல்லுக்குள்ள, கண்ணு திறந்தபடி. செத்ததுக்கும் எடை போடணும். 377.

மேடம் அறுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் இறுகி, கருஞ்சிவப்பா. சாம்பிள் சென்னைக்குப் போயிருக்கு. வெளியிலேர்ந்து யாரோ கொண்டாந்துட்டாங்கன்னாங்க. அப்புறம் என்கிட்ட, "வாட்ச்மேன் ஏழுமலையோட மச்சான் முயல் பண்ணை வெச்சிருக்கார் இல்ல?"

தலையாட்டினேன். ஆமா, தலையாட்டினேன்.

மத்தியானம், ஏழுமலையண்ணனை நாளையிலேர்ந்து வரவேணாம்னுட்டாங்க. சைக்கிள்ல டிபன் கேரியரை மாட்டிகிட்டு, குட்டிங்களைப் பாத்துக்கம்மான்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

ஆடி 8, வியாழன்

3-உம் போச்சு. 4 தும்முது. மழை வர்ற மாதிரி இருட்டி, வரல.

இவர்கிட்ட சொன்னேன். சொன்னா வேலை போயிடும், சும்மா இரு, பஞ்சை எங்கயாவது விட்டுட்டு வரேன்னார். எங்கன்னு கேட்டேன்.

"மலைப்பக்கம்தான். புல்லு தின்னுட்டு இருக்கும்."

அங்கதான் காட்டு முயலெல்லாம் இருக்குது. கூடவே கூடாதுன்னேன். சரின்னார், டிவியைப் பார்த்துகிட்டே.

ஆடி 9, வெள்ளி

எடை போடறதுக்கு முன்னாடியே மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டல. எடை நோட்டை எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து மெதுவா புரட்டினாங்க. அப்புறம் கூடத்துச் சாவியைக் கேட்டு வாங்கிகிட்டாங்க.

"ஏழுமலைக்கு நீயே போன் பண்ணு. அந்த முயலைக் கொண்டா, டெஸ்ட் பண்ணணும்."

போன் பண்ணேன். பூராவும் கேட்டுட்டு, சரிம்மான்னு வெச்சுட்டார். திட்டியிருந்தா தேவலாம்.

பதினொரு மணிக்கு வீடு. கூண்டு காலி. உள்ள பாதி கேரட்.

காலையில நான் கிளம்பினதும் கொண்டுபோய் விட்டுட்டாராம். அடி அண்ணாமலை தாண்டி, முள்ளுப் புதர்ப்பக்கம். "உனக்காகத்தான் கலா"ன்னார். அவரைப் பார்க்கவே முடியல. சாயங்காலம் வரைக்கும் தேடினோம். கிடைக்கல. யாழினி ஸ்கூல்லேர்ந்து வந்து கூண்டுக் கதவைத் திறந்து உள்ள கையை விட்டுப் பார்த்தா.

ஆடி 10, சனி

ஆறு மணிக்கே தேட ஆரம்பிச்சோம். மேடம், இவர், யாழினி, நான். ஏழுமலையண்ணனும் வந்திருந்தார். மேடம் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டாங்களாம். நானும் கேட்டேன். முள்ளு இருக்குது, பாத்து வாம்மான்னார்.

மிச்சம் நாலு குட்டியோட எடை எவ்ளோன்னு மேடத்தைக் கேட்டேன். புல்லை விலக்கிகிட்டே முன்னால போனாங்க.

கிரிவலப் பாதையில கூட்டம் சேர ஆரம்பிச்சுடுச்சு. இந்தப் பக்கம் புல்லு முழங்கால் உயரம். நடக்க நடக்க புடவையெல்லாம் ஈரம். ஒன்பது மணி இருக்கும், யாழினிதான் முதல்ல பார்த்தா. புதரடியில வெள்ளையா. பஞ்சுதான், உயிரோட. மூக்கு ரெண்டும் அடைச்சு, வாயால மூச்சு. அவ கை நீட்டினா. தொடாதேன்னேன். மேடம் கையுறை போட்டு எடுத்து பெட்டியில வெச்சாங்க.

அதே புதருக்குள்ள, அரை அடி தள்ளி, புல்லு அமுங்கி ஒரு குழி. காட்டு முயல் பகல்ல படுக்கற இடம். அதுல ரெண்டு மூணு பழுப்பு முடி.

ஏழுமலையண்ணன் குனிஞ்சு உள்ளங்கையை அதுல வெச்சுப் பார்த்தார்.

"இன்னும் சூடு இருக்குதும்மா."