காடிக்கரையில் பெண் பார்த்த ஞாயிறு

அக்கா,

நேற்று மாலை நம் பார்க்கில் குழந்தைகளின் சறுக்குமரத்தில் சிக்கிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நம்பித்தான் ஏறினேன். பாதி வழியில் இடுப்பு நின்றுவிட்டது. "மாமா, தொந்திய உள்ள இழுங்க!" என்று ஒரு வாண்டு பின்னாலிருந்து காலால் தள்ளியது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து உங்களை நினைத்துச் சிரித்தேன். தோல் பதனிடும் கொட்டகையின் சுண்ணாம்புத் தொட்டி முன்பு அங்கேதான் இருந்தது. எதிரில் உங்கள் இட்லிக் கடை.

நாம் காடி என்கிற உப்பங்கழி ஓரத்து அந்தக் கொட்டகை மூடியதும் இடத்துக்காரச் சேட்டிடம் நேரே போய் நின்றீர்கள். "பத்துக்குப் பத்து ரூமுல புழுங்கிச் சாவுதோம் சேட். காடிக்கரையில பொம்பளைக உக்காந்து காத்து வாங்க எடம் குடுங்க."

"இந்த பத்பூவில், இந்த நாத்தத்தில் யார் வருவா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். ஆள் இருந்தா பார்க். இல்லேன்னா லாரி ஸ்டாண்ட்" என்றார் அவர்.

தொட்டிகளைத் தூர்த்தோம். வேப்பங்கன்று வைத்தோம். தாராவி முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நம்மைத் தாண்டிப் போயிற்று. அப்போதுதான் உங்கள் தங்கை மகளைக் குர்லாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதை அந்தக் கரைக்கே மாற்றினீர்கள்.

"ஏல, எல்லார்ட்டயும் சொல்லு. ஆனா, யார்ட்டயும் சொல்லாதியன்னு சொல்லிச் சொல்லு."

என் பிறவிக்கேற்ற உத்தியோகம்! ஞாயிற்றுக்கிழமை மூன்று சால் குடியிருப்புச் சனமும் பாயோடு வந்து, "சும்மா காத்து வாங்க வந்தோம்" என்று மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் என்னை நிறுத்தியிருந்தீர்கள்.

"நாறுதாய்யா?" என்று தயங்கியவர்களிடமெல்லாம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "மல்லியப்பூ தோத்துச்சு, உள்ள போங்க மதினி" என்றேன்.

சேட் வந்தார். கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "இதென்ன, மேளா மாதிரி இருக்கே! சரி, பார்க்காவே இருக்கட்டும்" என்றார். பெண்ணிடம் சம்மதம் கேட்டபோது, "எடம் புடிச்சிருக்கு. மாப்பிள்ளய அப்புறம் யோசிக்கேன்" என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் கேசரித் தட்டு கவிழ்ந்தது.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. உங்கள் 'யார்ட்டயும் சொல்லாதிய' இன்னும் எனக்குச் சோறு போடுகிறது. பத்திரிகையில் எழுதும் கிசுகிசுவை அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். பார்க்கில் நாற்றம் போய்விட்டதா என்று யார் கேட்டாலும் அன்று போலவே மூச்சை இழுத்துச் சத்தியம் செய்கிறேன்.

சின்ன வயதில் டைபாய்டு வந்ததிலிருந்து என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது, அக்கா.